மீன்முள் காடாகும் வழி

சகாரா என்றதும் மஞ்சள் மணல்தான் நம் கண்ணில் வரும். சாட் நாட்டின் வடபகுதியில் இருக்கும் போடெலே பள்ளத்தின் தரை வேறு மாதிரி. வெளிறிய நிறம், பல இடங்களில் சுத்த வெள்ளை. கல் என்று நினைத்து ஒரு துண்டைக் கையில் எடுத்தால் கனமே இருக்காது. விரலால் நசுக்கினால் மாவாகிவிடும். அந்த மாவோடு மீன் எலும்பும் மீன் செதிலும் கலந்து கிடக்கின்றன. மழையே அரிதான இடத்தில் மீன்! அந்த மீனின் எலும்பில் இருந்த பாஸ்பரஸ், ஏழாயிரம் கிலோமீட்டருக்கும் மேல் தள்ளி, அட்லாண்டிக் பெருங்கடலுக்கு அப்பால், அமேசான் காட்டு மரங்களின் வேரைப் போய்ச் சேர்கிறது.

'சகாரா அமேசானுக்குச் சோறு போடுகிறது' என்று ஒரே வரியில் சொல்லி வியந்துவிட்டு நகர்வது வழக்கமாகிவிட்டது. எனக்கு அந்த ஒரு வரி போதவில்லை. மலை நிற்கும் இடம், துகளின் பருமன், காற்று தரைக்கு இறங்கும் வேளை, மழை தெற்கே நகரும் மாதம் என்று ஒவ்வொன்றும் அடுத்ததற்கு எப்படி வழிவிடுகிறது என்று நின்று பார்த்தால்தான் இதன் சுவை தெரியும். யாரும் திட்டமிடாத ஒன்றில் இத்தனை பொருத்தம் எப்படி அமைந்தது என்பதே நான் இங்கே அசைபோட விரும்புவது.

முதல் அசைவு வானத்தில் நடக்கிறது. பூமியின் அச்சு எப்போதும் ஒரே திசையைப் பார்த்து நிற்பதில்லை. அதன் முனை விண்ணில் மிக மெதுவாக ஒரு வட்டம் போடுகிறது. ஒரு வட்டம் முடிய ஏறக்குறைய 26,000 ஆண்டுகள் ஆகும். இதனால், பூமி சூரியனுக்கு மிக அருகில் வரும் நாள் ஒரு காலத்தில் வடகோளக் குளிரிலும் இன்னொரு காலத்தில் வடகோளக் கோடையிலும் அமைகிறது. இப்போது அது ஜனவரியில் வருகிறது. சுமார் 11,000 ஆண்டுகளுக்கு முன் கோடையில் வந்தது. அன்றைய வட ஆப்பிரிக்காவில் கோடை வெயில் கூடியது, நிலம் அதிகமாகச் சூடேறியது, கடலின் ஈரக்காற்று கண்டத்துக்குள் வெகுதூரம் இழுக்கப்பட்டது. சகாராவில் மழை பெய்து புல் முளைத்தது. புல் மூடிய நிலம் வெறும் மணலைவிட வெயிலைக் கூடுதலாக உள்வாங்கும். குடித்த நீரை ஆவியாக்கித் திருப்பியும் தரும். அதனால் மழை இன்னும் உள்ளே போனது. அச்சின் ஒரு சின்ன அசைவு தொடங்கிவைத்ததைப் புல் பெருக்கிக் காட்டியது.

அப்படிப் பெருகிய நீர் தேங்கிய இடங்களில் பெரியது, இன்று 'மெகா சாட்' என்று ஆய்வாளர்கள் அழைக்கும் ஏரி. அதன் பரப்பு மூன்றரை லட்சம் சதுர கிலோமீட்டரை எட்டியிருக்கிறது. இன்றைய காஸ்பியன் கடலுக்குக் கிட்டத்தட்ட ஈடு. தெற்கே சுருங்கிக் கிடக்கும் இன்றைய சாட் ஏரி அதன் மிச்சம். ஆனால் ஒரு நுட்பம்: இன்று தண்ணீர் இருக்கும் சாட் ஏரியின் மட்டத்தைவிட, தண்ணீரே இல்லாத போடெலே நூறு மீட்டருக்கும் மேல் தாழ்ந்தது. பழைய ஏரியின் ஆழமான மடு இதுதான். சுமார் 5,000 ஆண்டுகளுக்கு முன் மழை பின்வாங்கியபோது பெரிய ஏரி உடைந்து சுருங்கியது. இந்த மடுவில் மட்டும் நீர் நின்றுகொண்டிருந்தது. அது முழுதாக வறண்டு ஏறக்குறைய ஆயிரம் ஆண்டுகள்தான் ஆகின்றன என்கிறது 2015-இல் வந்த ஓர் ஆய்வு. மண்ணின் வயதில் ஆயிரம் ஆண்டு என்பது நேற்று. தரை இன்னும் இறுகவில்லை.

ஏரியில் மீன்கள் இருந்தன. ஆனால் வண்டலை நிறைத்தவை கண்ணுக்குத் தெரியாத டயாட்டம்கள். டயாட்டம் ஒற்றைச் செல் பாசி. தண்ணீரில் கரைந்திருக்கும் சிலிக்காவை எடுத்துத் தன்னைச் சுற்றிக் கண்ணாடிக் கூடு கட்டிக்கொள்ளும். அந்தச் சிலிக்கா மலைப்பாறைகளிலிருந்து வந்தது. மழைநீர் பாறையைச் சிறுகச் சிறுகக் கரைக்க, ஆறுகள் கொண்டுவந்து சேர்த்தது. பாறை நீராகி, நீர் மறுபடியும் கண்ணாடியாகி, கண்ணாடி ஏரியின் அடியில் படிந்தது. போடெலேயின் வெள்ளை மாவு அந்தக் கூடுகளின் குவியல்.

அதில் அதிகம் கிடைக்கும் டயாட்டம் வகைகளில் ஒன்று அவுலாகோசைரா. நுண்ணோக்கியில் ஒவ்வொரு செல்லும் ஒரு சிறு உருளை. உருளைச் சுவரில் வரிவரியாகத் துளைகள். விளிம்பில் முட்கள், ஒரு செல்லின் முட்கள் அடுத்த செல்லின் முட்களோடு பின்னிக்கொண்டு நீண்ட சரமாகின்றன. கூட்டின் சுவர் தடிப்பானது என்பதால் இந்த வகை தண்ணீரில் எளிதில் மூழ்கிவிடும். காற்று ஏரியைக் கலக்கிக்கொண்டே இருந்தால்தான் வெளிச்சம் படும் மேல்நீரில் தங்கி உயிர்வாழ முடியும். அசைவில்லாத ஏரியில் இது தழைப்பதில்லை. உயிரோடு இருந்தபோது அதை மேலே தூக்கிப் பிடித்ததும் காற்று, செத்தபின் அதன் கூட்டைத் தூக்கிப்போவதும் காற்று. இந்த ஒரு விவரத்திலேயே நான் வெகுநேரம் நின்றுவிட்டேன்.

இனி அந்தக் காற்று. போடெலேயின் வடக்கே திபெஸ்தி மலைத்தொகுதி. எரிமலைகளால் எழுந்தது, அதன் எமி கூசி சிகரம் 3,400 மீட்டருக்கும் மேல் உயரம், சகாராவிலேயே உயர்ந்தது. கிழக்கே என்னெடி பீடபூமி, மணற்பாறையால் ஆனது. வடகிழக்கிலிருந்து வரும் காற்றுக்கு இரண்டுக்கும் நடுவே ஒரு வாசல். அகலமாக வந்த காற்று அந்த வாசலில் நெருக்கப்பட்டு விரைகிறது. வாசலைத் தாண்டியதும் அது முகம் கொடுத்து விழும் இடம் போடெலே.

காற்று பாயும் இடத்திலேயே ஏரி வறண்ட மடு இருப்பதைத் தற்செயல் என்று முதலில் தோன்றும். 2006-இல் ரிச்சர்ட் வாஷிங்டனும் அவருடைய குழுவினரும் எழுதிய கட்டுரை அந்த எண்ணத்தைத் திருத்துகிறது. அந்தப் பள்ளம் தோண்டப்பட்டதற்கே இந்தக் காற்றுதான் காரணம் என்கிறார்கள். வறண்ட காலங்களில் வாசலிலிருந்து பாயும் காற்று தரையைச் சுரண்டிப் பள்ளமாக்குகிறது. ஈரமான காலம் வரும்போது தண்ணீர் தாழ்ந்த இடத்தைத் தேடி அந்தப் பள்ளத்தில் நிறைகிறது. ஏரியில் டயாட்டம் வாழ்ந்து செத்து லேசான மாவாகப் படிகிறது. மறுபடி வறட்சி வரும்போது காற்றுக்குத் தூக்க எளிதான பொருள், அதன் பாதையிலேயே தயாராகக் கிடக்கிறது. தன் இரையை வளர்க்கும் குளத்தைக் காற்றே வெட்டியிருக்கிறது. மலை, காற்று, நீர், உயிர் என்று நான்கு பேர் மாறி மாறிக் கைவைத்த வேலை இது. இவர்களில் யார் தொடங்கினார் என்று கேட்டால் பதில் கிடையாது.

அந்தக் காற்று அடிக்கும் வேளையிலும் ஒரு நயம் உண்டு. இரவில் பாலைவனத் தரை சட்டென்று குளிர்ந்துவிடும். தரையை ஒட்டிய காற்றும் குளிர்ந்து, கனத்து, அசையாமல் படுத்துவிடும். அதற்குச் சில நூறு மீட்டர் மேலே ஓடும் காற்றுக்கு இப்போது தரையின் இழுப்பு இல்லை. இரவெல்லாம் தடையின்றி வேகம் கூட்டி ஓடுகிறது. கீழே நின்றால் அது தெரியாது. சூரியன் ஏறித் தரை சூடானதும் காற்று மேலும் கீழுமாகப் புரளத் தொடங்குகிறது. மேலே ஓடிக்கொண்டிருந்த வேகம் தரைக்கு இறங்குகிறது. 2005-இன் தொடக்கத்தில் ஓர் ஆய்வுக்குழு கருவிகளோடு அங்கே தங்கி இந்த அன்றாட நடையை அளந்தது. புழுதி கிளம்புவது பெரும்பாலும் காலையில். போடெலேயில் இரவு காற்றுக்கு உழைப்பு, காலை புழுதிக்குப் புறப்பாடு.

புழுதி கிளம்பும் விதமும் தனி. மற்ற பாலைவனங்களில் மணற்பரல்கள் குதித்துக் குதித்து ஓடி, தரையில் மோதித் தூசியைக் கிளப்பும். மெல்லிய தூசி தானாக எழாது. துகள்களுக்குள் இருக்கும் ஒட்டு அதை விடாது. போடெலேயில் மோதும் பொருளும் மோதப்படும் பொருளும் ஒன்றே. டயாட்டம் மண்ணின் செதில்கள் அளவில் மணலைவிடப் பெரியவை. உள்ளே வெற்றுக் கூடுகள் என்பதால் எடை குறைவு. காற்று அவற்றை எளிதாக உருட்டி எறிகிறது. அவை ஒன்றோடொன்று மோதி உடைகின்றன. உடைந்த பொடி மேலே போகிறது. சுத்தி வேறு கல் வேறு என்று இல்லை. இதே செதில்கள் சில இடங்களில் பிறைவடிவ மேடுகளாகவும் சேர்ந்து நகர்கின்றன. உலகில் வேகமாக நகரும் மேடுகளில் அவையும் உண்டு.

இந்தச் சுரண்டலால் விளைந்த வேறொரு நன்மையையும் சொல்லிவிடுகிறேன். போடெலேயை ஒட்டிய ஜுராப் பாலைவனத்தில், 2001-இல், சுமார் எழுபது லட்சம் ஆண்டுப் பழமையான ஒரு மண்டையோடு கிடைத்தது. 'தூமாய்' என்று பெயர் பெற்ற அது, மனித இனத்தின் மிகத் தொன்மையான முன்னோர்களில் ஒன்றாக இருக்கலாம் என்று கருதப்படுகிறது. காற்று தொடர்ந்து அரித்துக் கழித்ததால்தான் அவ்வளவு பழைய படிவுகள் அங்கே வெளியே தெரிகின்றன.

காலையில் எழும் புழுதி தென்மேற்காக, நைஜீரியாவைத் தாண்டி கினி வளைகுடாப் பக்கம் போகிறது. அந்தக் காற்றுக்கு மேற்கு ஆப்பிரிக்காவில் ஹர்மட்டான் என்று பெயர். கடற்கரையின் புழுக்கத்தைப் போக்குவதால் அதை 'டாக்டர்' என்று அழைப்பதும் உண்டு. ஆனால் அது உதட்டை வெடிக்கவைக்கும், சூரியனை மங்கவைக்கும், விமானத்தை நிறுத்திவைக்கும். டாக்டர் என்று அழைத்தவர்கள் இதையும் சேர்த்து அனுபவித்தவர்கள்தான்.

ஆப்பிரிக்கப் புழுதி கடல்மேல் வெகுதூரம் போகிறது என்பதை இருநூறு ஆண்டுகளுக்கு முன்பே கப்பல்காரர்கள் அறிந்திருந்தார்கள். 1832 ஜனவரியில் பீகிள் கப்பல் கேப் வர்டி தீவுகளை நெருங்கியபோது, இளைஞர் சார்லஸ் டார்வின், பாய்மர உச்சியில் காற்றுத்திசை காட்டும் சல்லாத்துணியில் படிந்த பழுப்புத் தூசியை ஒரு சிறு பொட்டலமாகச் சேகரித்தார். பின்னர் இன்னும் சில பொட்டலங்கள் கைக்கு வந்தன. பெர்லினில் இருந்த நுண்ணுயிர் ஆய்வாளர் எரன்பெர்க்குக்கு அவற்றை அனுப்பினார். எரன்பெர்க் அறுபத்தேழு விதமான உயிர்வடிவங்களை அதில் கண்டார். பெரும்பாலும் சிலிக்காக் கூடுகள். இரண்டைத் தவிர மற்ற நுண்ணுயிர்கள் எல்லாம் நன்னீரில் வாழ்பவை. நடுக்கடலில் விழுந்த தூசிக்குள் நன்னீர் உயிர்கள்!

வேடிக்கை என்னவென்றால், ஆப்பிரிக்காவுக்கே உரியவை என்று எரன்பெர்க் அறிந்திருந்த வகைகள் எதுவும் அதில் இல்லை. தென் அமெரிக்காவில் மட்டும் வாழ்வதாக அவர் அறிந்திருந்த இரண்டு இருந்தன. டார்வின் அதனால் தடுமாறவில்லை. தூசி விழும்போது காற்று எந்தத் திசையிலிருந்து அடித்தது, அது ஹர்மட்டான் வீசும் மாதங்கள்தானா என்று பார்த்து, ஆப்பிரிக்கத் தூசிதான் என்று தீர்மானித்தார். உயிரைக்கொண்டு முடிவு செய்ய முடியாதபோது காற்றைச் சாட்சிக்குக் கூப்பிட்டார். அந்தத் தூசி போடெலேயில் கிளம்பியதா, வேறு பழைய ஏரிப்படுகையில் கிளம்பியதா என்று இன்று சொல்வதற்கில்லை. ஆனால் பாலைவனத்திலிருந்து ஏரி பறந்து வருகிறது என்பதற்கு எழுத்தில் கிடைத்த பழைய சான்றுகளில் அது ஒன்று.

அதன்பின் அளவெடுக்கும் வேலை மெல்ல நடந்தது. 1960-களில் ஜோசப் ப்ராஸ்பெரோ பார்படோஸ் தீவில் கடல்காற்றை வடிகட்டித் தூசியை எடைபோடத் தொடங்கினார். 1992-இல் ராபர்ட் ஸ்வாப் குழுவினர், அமேசான் காட்டின் ஊட்டத்துக்கும் சகாரா தூசிக்கும் தொடர்பு இருக்கலாம் என்று எழுதினார்கள். 2006-இல் கலிப்ஸோ என்ற செயற்கைக்கோள் விண்ணுக்குப் போனது. அது மேலிருந்து லேசர் கற்றையைப் பாய்ச்சி, திரும்பிவரும் ஒளியைக்கொண்டு தூசி எந்த உயரத்தில் எவ்வளவு அடர்த்தியாக மிதக்கிறது என்று அடுக்கடுக்காகக் காட்டியது. 2007 முதல் 2013 வரையிலான அந்தப் பதிவுகளை வைத்து ஹாங்பின் யூ குழுவினர் கணக்குப் போட்டார்கள். ஆண்டுக்குச் சராசரியாக 18.2 கோடி டன் தூசி ஆப்பிரிக்கக் கரையை விட்டுப் புறப்படுகிறது. தென் அமெரிக்கக் கரையை நெருங்கும்போது 13.2 கோடி டன் மிஞ்சுகிறது. அதில் 2.77 கோடி டன் அமேசான் படுகையில் விழுகிறது. இன்னும் 4.3 கோடி டன் கரீபியன் பக்கம் போகிறது. வழியில் கடலில் விழுந்ததையும் வீண் என்று எழுதிவிட முடியாது. அதில் உள்ள இரும்பு, காற்றிலிருந்து நைட்ரஜனைப் பிடித்துத்தரும் டிரைகோடெஸ்மியம் போன்ற கடல் நுண்ணுயிர்களுக்கு அரிய உணவு.

இந்தத் தூசி ஏன் அமேசானில் வந்து விழ வேண்டும்? பருவம் அப்படி அமைகிறது. வெப்பமண்டலத்தைச் சுற்றி ஒரு மழைப்பட்டை இருக்கிறது. வடக்கிலிருந்தும் தெற்கிலிருந்தும் வரும் வியாபாரக் காற்றுகள் சந்திக்கும் இடம் அது. சூரியனைப் பின்தொடர்ந்து அது வடக்கும் தெற்கும் நகரும். வடகோளக் கோடையில் வடக்கே ஏறிவிடும். அப்போது சகாரா தூசி உயரமான அடுக்கில் எழும்பிக் கரீபியனுக்கும் ஃபுளோரிடாவுக்கும் போகும். குளிர்காலத்தில் மழைப்பட்டை தெற்கே இறங்குகிறது. அதே மாதங்களில்தான் திபெஸ்தி வாசலில் காற்று வலுக்கிறது. தூசியும் தாழ்வான அடுக்கில், தென் அமெரிக்காவின் வடகிழக்குக் கரையைப் பார்த்துப் போகிறது. அங்கே போய்ச் சேரும்போது அமேசானின் பெரும்பகுதியில் மழைக்காலம். தூசி வரும் மாதமும் அதைக் கழுவி மண்ணில் இறக்கும் மழையின் மாதமும் ஒன்றாக அமைந்துவிடுகின்றன. மழை இல்லாத பருவத்தில் வந்திருந்தால் பெரும்பகுதி காட்டுக்கு மேலேயே தாண்டிப் போயிருக்கும்.

மழைக்குத் தூசி வெறும் சுமை என்று எண்ணிவிடக் கூடாது. மேகத்தில் நீர்த்துளி பூஜ்ஜியம் டிகிரிக்குக் கீழே போனாலும் உடனே உறையாது; உறைவதற்குப் பற்றிக்கொள்ள ஒரு துகள் வேண்டும். 2008-இல் நடு அமேசானின் மனாவுஸ் நகருக்கு அருகே மழைக்காலத்தில் எடுத்த அளவுகளின்படி, அந்த வேலையைச் செய்தவை இரண்டு: காட்டிலிருந்தே எழும்பிய உயிர்த்துகள்கள், சகாராவிலிருந்து வந்த தூசி. ஏரி மண் அமேசான் மேகத்துக்குள் பனிப்படிகத்தின் கருவாகி, தன்னைத் தரையில் இறக்கும் மழைக்குத் தானே கைகொடுக்கிறது. உலகத்தின் ஈரமான காட்டின் மேகத்தில், உலகத்தின் வறண்ட இடங்களில் ஒன்றின் தூசி!

தரைக்கு வருவோம். அமேசான் இவ்வளவு செழிப்பாக இருப்பதைப் பார்த்து மண் வளமானது என்று நினைப்போம். நடு அமேசானின் மேட்டுநிலத்து மண் மிகப் பழையது. கோடிக்கணக்கான ஆண்டு மழையில் கழுவிக் கழுவி, சத்து போன மண். மரத்துக்கு வேண்டிய நைட்ரஜனை நுண்ணுயிர்கள் காற்றிலிருந்து பிடித்துத் தந்துவிடும். பாஸ்பரஸுக்கு அப்படிக் காற்றில் கையிருப்பு கிடையாது. அது பாறையிலிருந்துதான் வர வேண்டும். பாறையோ வெகு ஆழத்தில், சத்தெல்லாம் கரைந்து போய்க் கிடக்கிறது. மிஞ்சிய பாஸ்பரஸையும் மண்ணில் உள்ள இரும்பும் அலுமினியமும் இறுகப் பிடித்துக்கொள்கின்றன. ஆண்டீஸ் மலையின் புது வண்டலைச் சுமந்துவரும் ஆறுகளின் கரையோரம் மட்டும் விதிவிலக்கு. மனாவுஸுக்குக் கீழே கரிய நீக்ரோ ஆறும் பழுப்பான சொலிமோயெஸ் ஆறும் சில கிலோமீட்டர் தூரம் கலக்காமல் பக்கம்பக்கமாக ஓடுவதைப் படத்தில் பார்த்திருப்போம். ஒன்றில் மக்கிய இலைச்சாறு, மற்றதில் அரைபட்ட மலை. அந்த மலைமண் எட்டாத மேட்டுக்காட்டுக்கு வான்வழிதான் வழி.

மரங்கள் உண்மையிலேயே பாஸ்பரஸுக்கு ஏங்குகின்றனவா என்று மனாவுஸ் அருகே உரமிட்டே சோதித்திருக்கிறார்கள். 2022-இல் வெளியான அதன் முடிவு: பாஸ்பரஸ் போட்ட இடங்களில் சல்லிவேர் வளர்ச்சி 29 சதவீதமும் இலை முதலான மேல்வளர்ச்சி 19 சதவீதமும் கூடின. நைட்ரஜன் போட்டதால் அப்படி எதுவும் நடக்கவில்லை.

தூசியோடு ஆண்டுக்கு வந்துசேரும் பாஸ்பரஸ் சுமார் 22,000 டன் என்பது யூ குழுவினரின் கணக்கு. கேட்கும்போது மலைப்பாக இருக்கும். காட்டின் பரப்புக்கு வகுத்துப் பார்த்தால் ஒரு ஹெக்டேருக்கு இருபது, முப்பது கிராம். நம் ஊர் நெல்வயலுக்குப் போடும் 50 கிலோ டி.ஏ.பி. மூட்டை ஒன்றில் ஏறக்குறைய பத்து கிலோ பாஸ்பரஸ் இருக்கிறது. அந்த ஒரு மூட்டையின் அளவு, தூசி வழியாக ஒரு ஹெக்டேர் காட்டில் வந்துசேர நானூறு ஆண்டு ஆகும். மழையும் ஆறும் காட்டிலிருந்து ஆண்டுதோறும் அடித்துக்கொண்டு போகும் பாஸ்பரஸும் ஏறத்தாழ இதே அளவுதான் என்று மதிப்பிடுகிறார்கள். வரவு பெரிதல்ல; செலவு சிறிது. சகாரா ஊட்டுவதால் காடு தழைத்தது என்பதைவிட, இந்தச் சொற்ப வரவுக்குள் வாழக் காடு பழகிக்கொண்டது என்பதே எனக்குச் சரியாகப் படுகிறது. மெச்ச வேண்டியது காட்டின் சிக்கனத்தை.

எத்தனை சிக்கனம் என்பதற்கு நெல்லி ஸ்டார்க்கும் கார்ல் ஜோர்டனும் 1978-இல் எழுதிய ஆய்வு சாட்சி. வெனிசுவேலாவின் ரியோ நீக்ரோ கரையில், மரங்களின் சல்லிவேர்கள் மண்ணுக்குள் போகாமல் தரைமேலேயே, உதிர்ந்த இலைகளுக்கு நடுவே, ஒரு பாய்போலப் பின்னிக் கிடக்கின்றன. வேரோடு பூஞ்சை இழைகளும் சேர்ந்து மக்கும் இலைக்குள் நேராக நுழைகின்றன. அந்த வேர்ப்பாயின் மேல், கதிரியக்கத்தால் அடையாளமிட்ட கால்சியத்தையும் பாஸ்பரஸையும் தெளித்தார்கள். 99.9 சதவீதம் அங்கேயே பிடிபட்டுவிட்டது. கீழே கசிந்தது ஆயிரத்தில் ஒரு பங்கு. மீன் எலும்பின் பாஸ்பரஸ் அபடைட் என்ற தாதுவாக வருகிறது. அது லேசில் கரையாது. காட்டு மண் புளிப்பான அமில மண் என்பதால் மெல்லக் கரைகிறது. கரைந்த கணத்தில் வேர் காத்திருக்கிறது.

அப்படி வளர்ந்த மரம் மழையையும் திருப்பித் தருகிறது. 1970-களில் பிரேசில் ஆய்வாளர் எனேயாஸ் சலாட்டி, கடற்கரையிலிருந்து உள்நாடு வரை மழைநீரைச் சேகரித்து அதன் ஆக்சிஜனைப் பிரித்துப் பார்த்தார். கனமான ஆக்சிஜன் உள்ள நீர் முதலில் மழையாக விழுந்துவிடும். ஆகவே கடலிலிருந்து உள்ளே போகப் போக மழைநீர் லேசாகிக்கொண்டே போக வேண்டும். அமேசானில் அந்தக் குறைவு மிகச் சிறிது. விழுந்த நீரை மரங்கள் வேரால் உறிஞ்சி இலைவழியே அதே கலவையில் காற்றுக்குத் திருப்புவதால் மேகம் மறுபடி மறுபடி நிரம்புகிறது. படுகையின் மழையில் ஏறக்குறைய பாதி இப்படிச் சுற்றிவரும் நீர் என்று அவர் மதிப்பிட்டார்.

எஞ்சியதை ஆறு கடலுக்குக் கொண்டுபோகிறது. உலக ஆறுகள் கடலில் கொட்டும் நன்னீரில் சுமார் ஐந்தில் ஒரு பங்கு அமேசானுடையது. அந்த நன்னீர் கடல்மேல் பல நூறு கிலோமீட்டருக்கு விரிந்து மிதக்கிறது. அதில் ஆறு கொண்டுவந்த சிலிக்காவும் பாஸ்பரஸும் உண்டு; நைட்ரஜன் விரைவிலேயே தீர்ந்துவிடுகிறது. அந்த நீரில் தழைப்பது ஹெமியாலஸ் என்ற டயாட்டம். அதன் கண்ணாடிக் கூட்டுக்குள் ரிசீலியா என்ற நீலப்பச்சைப் பாசி குடியிருக்கிறது. கூட்டுக்கு வேண்டிய சிலிக்கா ஆற்றிலிருந்து. நைட்ரஜனைக் குடியிருப்பவர் காற்றிலிருந்து பிடித்துத் தருவார். இரண்டும் சேர்ந்து வளர்ந்து, செத்து மூழ்கும்போது காற்றின் கரியமில வாயுவில் ஒரு பங்கையும் ஆழத்துக்குக் கொண்டுபோகின்றன.

இந்தக் கணக்கில் திருத்தங்களும் வருகின்றன. 2006-இல் இலான் கோரன் குழுவினர், அமேசானுக்கு வரும் தூசியில் பாதிக்கு மேல் போடெலே என்ற ஒரே இடத்திலிருந்து வருவதாகச் சொன்னார்கள். பின்னால் வந்த ஆய்வுகளில் சில, மாலி, மொரிட்டானியா பக்கத்து மேற்கு சகாராவுக்குக் கூடுதல் பங்கு கொடுக்கின்றன. ஆண்டுக்கு ஆண்டு தூசியும் ஒரே அளவில் வருவதில்லை. 2007-க்கும் 2011-க்கும் இடையே வித்தியாசம் 86 சதவீதம். சகாராவின் தெற்கு விளிம்பான சாஹேலில் நல்ல மழை பெய்த ஆண்டுக்கு அடுத்த ஆண்டு தூசி குறைவதாகத் தெரிகிறது.

2019-இல் இன்னொரு திருத்தம் வந்தது. பிரெஞ்சு கயானாவின் காயென் நகரில் காற்றை வடிகட்டிப் பார்த்த ஆன் பார்க்லியும் குழுவினரும், அங்கே வந்துசேரும் பாஸ்பரஸில் கணிசமான பங்கு தூசியுடையதல்ல, புகையுடையது என்று கண்டார்கள். ஆப்பிரிக்காவின் தென்பகுதியில் வறண்ட மாதங்களில் புல்வெளியும் வயலும் எரியும்போது எழும் புகை அது. தூசி குறைந்திருக்கும் செப்டம்பர் முதல் நவம்பர் வரையிலான காலத்தில் அதன் பங்கு ஓங்குகிறது. சாம்பலின் பாஸ்பரஸ் மீன் எலும்பினுடையதைவிட எளிதில் நீரில் கரைவதால் வேருக்குச் சீக்கிரம் கிட்டும். அந்தத் தீயைப் பெரும்பாலும் மூட்டுகிறவர்கள், அடுத்த விதைப்புக்கு நிலத்தைத் துப்புரவாக்கும் சிறு விவசாயிகளும் மாட்டுக்குப் புதுப்புல் வேண்டும் மேய்ப்பர்களும். அமேசானுக்கு வரும் பாஸ்பரஸை இனி எடைபோடுகிறவர்கள், திபெஸ்தி வாசலின் காற்றோடு, அந்த மக்கள் எந்த மாதத்தில் தீ வைக்கிறார்கள் என்பதையும் கேட்டுக் குறித்துக்கொள்ள வேண்டியிருக்கிறது.